முறுக்கு அச்சில் பெயர் பொறித்த படலம்

ரவாங் ஊர்த் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளை மலைபோல் அடுக்குவதில் நிகரற்றவனும், எவரையும் இதுவரை எதிலும் வென்றறியாதவனும், மனைவி ரமணியின் புருவம் ஏறியவுடன் தன் குரலை இறக்கிக்கொள்ளும் பேரறிவாளனுமாகிய சுங்கை சோ குடியிருப்பின் வேந்தன் சேதுவின் புகழ் ஓங்குக! கலைமகளே, உப்பும் நீரும் மின்சாரமும் கொண்டு அப்பெருமகன் ஆற்றிய அரும்போரைப் பாட எனக்குச் சொல் அருள்வாயாக. இயலாதெனில், சிரிக்காமல் சொல்லி முடிக்கும் திடமாவது அருள்வாயாக!

போர் பித்தளையால் மூண்டது. கோயில் திருவிழாவுக்குப் பலகாரம் சுடச் சென்ற ரமணியும் அடுத்த வீட்டுக் கலாவதியும் ஆளுக்கொரு முறுக்கு அச்சைக் கொண்டுபோயினர். ஒரே கடையில் பிறந்த இரட்டையர் அவ்வச்சுகள். திரும்புங்கால் ஒன்றின் கைப்பிடி ஆடிற்று. ஆடாத அச்சு தனதே என இருவரும் முழங்கினர். ரமணி அதைக் கவர்ந்துகொண்டு வீடு புகுந்தாள். அன்றே வேலியின் மேல் கைமாறிய குழம்புக் கிண்ணங்கள் நின்றன, ஊர்க்கதை நின்றது, சிரிப்பொலியும் நின்றது. சமைத்த மீன்குழம்பை யாருக்கும் கொடுக்க வழியின்றி ரமணி மூடி வைப்பதைக் கண்ட சேதுவின் நெஞ்சு, லோரிச் சக்கரத்தில் அகப்பட்ட தகரப்பெட்டியென நசுங்கிற்று.

"உப்புத்தண்ணியில கரண்ட் விட்டு அச்சுல உன் பேரைப் பொறிச்சிட்டா அப்புறம் யாரும் சண்டை போட முடியாது!" எனச் சூளுரைத்தான் சேது. வென்ற நிலத்தில் கொடி நாட்டினால் சமாதானம் பிறக்கும் என்று நம்பிய மன்னர் வரிசையில் அவனும் சேர்ந்தான்.

"வீட்டுக்குள்ள வேணாம், காத்தோட்டமா வெளிய போய்ப் பண்ணுங்க. கையுறை போடுங்க. சுவர் பிளக்குல மட்டும் சொருகினீங்க, அவ்வளவுதான்!" எனப் போர்விதி வகுத்தாள் ரமணி.

அவ்வாணையைத் தலைமேற்கொண்டு, ரப்பர்க் கையுறை பூண்டு, வாசல் முற்றத்தில் அமர்ந்தான் சிறுபேட்டரிப் பேராயுதன். பித்தளை மேனியில் ரமணியின் சிவப்பு நகப்பூச்சைக் கவசமாய்ப் பூசினான்; உலர்ந்ததும் ஊசிமுனையால் அக்கவசம் கீறி 'ரமணி' என எழுதினான். எழுத்தருகே சற்றுப் பூச்சு பெயர்ந்திருக்கக் கண்டு, தேர்ந்த மருத்துவன் புண்ணுக்கு மருந்திடுவதுபோல் அங்கே மீண்டும் ஒரு சொட்டு வைத்தான். பின்னர் உப்புநீரில் தோய்த்த பஞ்சுக்குச்சியில் பேட்டரியின் ஒரு கம்பியையும் அச்சில் மறு கம்பியையும் இணைத்து, பகைவர் மார்பில் வேல் பாய்ச்சும் தளபதியெனப் பஞ்சை எழுத்தின்மேல் அழுத்தினான்.

நுரைத்தது! பொங்கியது! குமிழ்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து ஆர்ப்பரித்தன! சேதுவும் ஆர்ப்பரித்தான்! துடைத்துப் பார்த்தால் பித்தளையில் ஒரு கீறலுமில்லை; கம்பிகள் இடம் மாறியிருந்தன.

வேலிக்கப்பால் துணி உலர்த்திய கலாவதி இருமினாள். அது இருமலன்று என்பதைச் சேது அறிவான். காது சிவந்த காவலன், பேட்டரியின் நேர்முனைச் சிவப்புக் கம்பியை அச்சுக்கும், கறுப்பை எதிர்முனையிலிருந்து பஞ்சுக்கும் மாற்றினான். இம்முறை பஞ்சு பச்சையாயிற்று, கோடுகளுள் பித்தளை கருத்து அரிபட்டது. உப்புநீர்க் கிண்ணம் கால் பட்டுக் கவிழ்ந்ததையும் பொருட்படுத்தாது அச்சைக் கழுவி, பூச்சை அழித்து, ரமணியை அழைத்து, இரு கைகளிலும் ஏந்தி நீட்டினான்.

ரமணி படித்தாள். மீண்டும் படித்தாள். மருத்துவச் சொட்டு மறைத்துவிட்ட 'ணி'யின் மேல்விலங்கு பொறிபடவேயில்லை. பித்தளையில் அழியா எழுத்தில் நின்றது: 'ரமண'.

ரமணி சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து சிரித்தாள். என்னவென்று அறியாமல் ஓர் அங்குலமும் நகர இயலாத கலாவதி வேலியில் எம்பி எட்டிப் பார்த்தாள்.

"யாரு லா அது ரமண? உங்க வீட்டுக்குப் புதுசா வந்திருக்காரா?"

"எனக்கே இப்பதான் தெரியும் கலா!"

சிரித்து நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு கலாவதி பேரறிக்கை விடுத்தாள்: "சரி லா, அது உன்னுதாவே இருக்கட்டும். யாரோ ஆம்பள பேரு போட்டத எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"வா கலா, மீன்குழம்பு இருக்கு," என்றாள் ரமணி. கலாவதி வாசல் சுற்றி வந்தாள். இரு பேரரசியரும் தோளோடு தோள் உரசி, ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்தபடி, தம்மை இணைத்த மாவீரனைத் திரும்பியும் பாராது அடுக்களை புகுந்தனர்.

சேது துணி எடுத்து வந்து வாசலில் கொட்டிய உப்புத்தண்ணியைத் துடைத்தான்.