முப்பத்தெட்டு லிஸ்டுக்கு ஒரு ஃபங்ஷன்

"மூணு நாளுங்க! மூணு நாள் குந்திக்கினு கையால எழுதுனத மூணு செகண்ட்ல அழிச்சிட்டு, காலங்காத்தால குட் மார்னிங் வேற சொல்றீங்களா?"

"நான் அழிக்கலை பிரித்திகா. என் ஃபங்ஷன் திருப்பி எழுதித்து. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"இன்னா வித்தியாசம்?"

"அழிக்கறது தப்பு. திருப்பி எழுதறது டெக்னாலஜி."

போனில் அந்தப் பக்கம் ஏதோ தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளர் என்று கீரைக்காரம்மா சொன்னாள். பிளாஸ்கின் மூடி என்பது எதிர்வீட்டின் கட்சி.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. திருப்பதி வடக்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தேசிகன் வீட்டு மாடியில், அவர் பிள்ளை கோவர்தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். தனக்குத் தெரிந்த விஷயம் சந்தில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்கிற பெரிய மனசு.

அவன் வேலை பார்ப்பது ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் பாக்டரிகளுக்குக் கன்ட்ரோல் பாக்ஸ் செய்து கொடுக்கிறார்கள். பழம் எவ்வளவு நேரம் வேக வேண்டும், டின் எப்போது மூட வேண்டும் என்றெல்லாம் மிஷினுக்குச் சொல்லும் பெட்டி அது. பாக்டரிகள் முப்பத்தெட்டு. ஒன்றில் பாய்லர் இரண்டு, இன்னொன்றில் பாய்லரே கிடையாது. ஆகவே எந்தப் பெட்டிக்குள் எந்தெந்த மென்பொருள் துண்டுகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்று ஒவ்வொரு பாக்டரிக்கும் தனியாக ஒரு ஃபைல் எழுத வேண்டும். அதற்கு பில்ட் ஃபைல் என்று பெயர். கல்யாணச் சமையல்காரரிடம் கொடுக்கும் சாமான் லிஸ்ட் என்று வைத்துக்கொண்டால் போதும்; சந்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொண்டோம்.

ஐந்து வருஷமாக அந்த லிஸ்டுகளை எழுதி வந்தவள் பிரித்திகா. நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் தணிகைவேலின் மகள். தினமும் ரயிலில் வந்து போகிறவள். எப்போது லிஸ்ட் கேட்டாலும் "மூணு நாள் ஆவும்" என்பாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைப்பாள். ஒரு பிழை இருக்காது.

கோவர்தனுக்கு இது பொறுக்கவில்லை. "இந்தக் காலத்துல யாராவது லிஸ்டைக் கையால எழுதுவாளா? நான் ஒரு ஃபங்ஷன் எழுதறேன். அது முப்பத்தெட்டு லிஸ்டையும் எழுதும். நான் காபி சாப்பிடுவேன்" என்று ஆபீஸில் அறிவித்தான். ஃபங்ஷன் என்றால் விசேஷம் அல்ல; ஒரு வேலையைத் தானாகச் செய்யக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்.

முதலாளி பிரபாகர் தெலுங்குக்காரர், சண்டையை ரசிப்பவர். "சரே, ரெண்டு பேரும் செய்ங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பங்காருபாளையம் பாக்ஸ் யாரோட லிஸ்ட்ல ஓடுதோ, அவங்க திருப்பதி ஆபீஸுக்கு ஹெட். இன்னொருத்தர் தடா ஆபீஸுக்குப் போகணும்" என்றுவிட்டார்.

தடா என்றால் ஸ்ரீ சிட்டி ஓரம், ஹைவே மேல் ஒரு மாடி அறை, மெஸ் சாப்பாடு. கோவர்தனுக்கு வயது முப்பத்தொன்று. அம்மாவின் சாத்தமுது, அதாவது ரசம், இல்லாமல் ஒரு ராத்திரி படுத்ததில்லை. போதாக்குறைக்கு, 'ஹெட்' என்று போட்ட விசிட்டிங் கார்டு நூறு அடித்து, அதில் பன்னிரண்டைச் சந்தில் விநியோகமும் செய்துவிட்டான்.

"இப்ப மறுபடியும் மூணு நாள் ஆவும். வெள்ளிக்கெழமதான் வரும்" என்றாள் பிரித்திகா போனில். "அதுக்குள்ள உங்க ஃபங்ஷன் எங்கனா என் ஃபைல்ல கை வச்சுது, எங்க நைனாவ இட்டுக்கினு வந்துருவேன், ஆமா."

"வைக்காது. அதுக்கு மரியாதை சொல்லிக் கொடுத்துடறேன்."

சொல்லிக் கொடுத்தான். எந்த ஃபைலையாவது இன்று யாராவது எழுதியிருந்தால் அதைத் தொடாதே என்று ஃபங்ஷனில் நாலு வரி சேர்த்தான். ஒருமுறை ஓட்டினான், முப்பத்தெட்டு லிஸ்டும் வந்தன. இரண்டு திருத்தம் செய்து மறுபடி ஓட்டினான். ஒன்றுகூட மாறவில்லை. தான் எழுதிய லிஸ்டுகளையே வேறு யாரோ எழுதியவை என்று நினைத்து, ஃபங்ஷன் கைகட்டி ஒதுங்கி நின்றது.

மத்தியானம் வரை அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் காபியோடு மாடிக்கு வந்த அவன் அம்மா ஸத்யபாமா மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"ஏண்டா, இதுதான் அந்த லிஸ்டா?"

"ஆமாம்மா."

"தலைப்புல ஸ்ரீ: காணுமே?"

"இது மளிகை லிஸ்ட் இல்லைம்மா."

"வண்ணான் கணக்குக்கே ஸ்ரீ: போட்ட வம்சம்டா நம்மது. மகாலக்ஷ்மித் தாயார் பேர் இல்லாம ஆரம்பிச்சா எப்படி உருப்படும்? போடுடா. போடலைன்னா காபி கீழ போறது."

காபி கீழே போவதை அனுமதிக்க முடியாது. ஒவ்வொரு லிஸ்டிலும் முதல் வரியாக 'ஸ்ரீ:' எழுதும்படி ஃபங்ஷனுக்குச் சொன்னான். மரியாதை வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டினான். பிறகு, லிஸ்டைப் படித்து மென்பொருள் துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் மிஷினிடம் அவற்றைக் கொடுத்தான். வழக்கமாக இருபது நிமிஷம் முனகும் மிஷின் அரை விநாடியில் முடித்துவிட்டது. ஒரு பிழையில்லை. ஒரு எச்சரிக்கையில்லை.

"அம்மா! முப்பத்தெட்டும் அரை செகண்ட்!"

"நான் சொல்லலை?"

புதன்கிழமை சந்தில் வீட்டுக்கு ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வந்தது. முந்திரி கொஞ்சம் குறைவு. ஆனால் நெய்யில் குறை சொல்ல முடியாது. பிரபாகர் மகிழ்ச்சி தாங்காமல் லிஸ்டுகளை பாக்டரி ஓனர்களின் வாட்ஸப் குழுவிலேயே போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை மாடியிலிருந்து மறுபடி பிரித்திகாவின் குரல்.

"கோவர்தன், பங்காருபாளையம் பாக்ஸத் தொறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"இல்லைன்னா?"

"இல்லன்னா இல்ல. காலி. லிஸ்ட்ல மொதல்ல எந்தப் பேரு இருக்குதோ, அதான் தன் வேலன்னு மிஷினு எடுத்துக்கும். நீங்க மொதல்ல ஸ்ரீ போட்டு வச்சிருக்கீங்க. ஸ்ரீக்குக் கீழ ஒரு வேலையும் சொல்லல. அது, செய்ய ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்ச்சு. அரை செகண்ட்ல முடிஞ்சா சந்தேகம் வர வாணாமா?"

கோவர்தன் இருமினான். "அது டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். நீங்க கண்டுபிடிக்கறேளான்னு."

அந்த வரிக்கு முன்னால் # என்று ஒரு வேலிக்குறி போட்டால் மிஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். ஒரு எழுத்து வேலைதான். ஆனால் மாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"தாயார் பேரை மிஷின் படிக்கக்கூடாதுன்னு குறுக்கே வேலி கட்றியா?"

"அம்மா, அது படிச்சா வேலை செய்ய மாட்டேங்கறது."

"நீயும்தான் படிச்சே. வேலை செய்யலையா?"

இதற்குக் கோவர்தன் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. புத்தூர் பாக்டரி ஓனர் உமாபதி. வாட்ஸப்பில் தன் லிஸ்டைப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, எங்க வூட்டுல பிள்ளையார் சுழி போடாம பால் கார்டுகூட எழுத மாட்டோம். எங்க பாக்ஸுக்கு இன்னாத்துக்கு நாமம் போடுறீங்க?"

"நாமம் இல்லை சார், ஸ்ரீ."

"ரெண்டும் ஒண்ணுதான். மாத்துங்க."

பத்து நிமிஷத்தில் பலமனேர்க்காரர் சிலுவை கேட்டார். மதனப்பள்ளிக்காரர் எழுநூற்று எண்பத்தாறு கேட்டார். இன்னொருவர் தனக்குச் சாமி நம்பிக்கையே இல்லை என்றும், அதையும் முதல் வரியில் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

வேறு யாராயிருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று கும்பிட்டிருப்பார்கள். கோவர்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "இதுக்குத்தான் ஃபங்ஷன் வேணும்ங்கறது. கையால எழுதறவாளால இது முடியுமா? ஓனர் பேரைக் கொடுத்தா போதும், அதுவே வேலிக்குறிக்குப் பின்னால முத்திரையைப் போட்டுக்கும்."

எந்த ஓனருக்கு எந்த முத்திரை என்று ஃபங்ஷனுக்கு எப்படித் தெரியும்? அது கவலையே இல்லை. மாமியும் சந்திலுள்ள நாங்களும் மத்தியானம் உட்கார்ந்து முப்பத்தெட்டு ஓனர்களின் குலம், கோத்திரம், மாமனார் வீடு, யாருக்கு எந்தச் சாமியிடம் புதிதாக பக்தி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம். கேட்டதற்கு மேலேயே சொன்னோம். பங்காருபாளையம் பாக்டரியில்தான் ஒரு சிக்கல்: அண்ணன் நாமம், தம்பி விபூதி, இருவரும் சரிபங்கு. அதற்கென்று தனியாகப் பதினெட்டு வரி எழுதினான். ஒற்றைப்படைத் தேதியில் அண்ணன், இரட்டைப்படையில் தம்பி.

செவ்வாய்க்கிழமை இருபது வரியாக இருந்த ஃபங்ஷன் வியாழக்கிழமை சாயங்காலம் அறுநூறு வரியைத் தாண்டியது. அதில் மாம்பழத்தைப் பற்றிப் பதினோரு வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கோவர்தன் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு ஆபீஸ் போனான். அங்கே நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. அந்த ஆபீஸில் டீ கொடுக்கும் சந்துரு குடியிருப்பது இந்தச் சந்தில்தான்.

இரண்டு மணிக்கு பங்காருபாளையம் பெட்டியை ஒரு சோதனை மிஷினில் மாட்டினார்கள். முதல் வரியில் விபூதி அழகாக வந்திருந்தது; அன்று இரட்டைப்படைத் தேதி. பிரபாகர் பட்டனை அழுத்தினார். டப் டப் டப் என்று காலி டின்கள் மூடிக்கொண்டன. பிறகு கூழ் வந்து, மூடிய டின்கள்மேல் கொட்டியது. பாய்லர் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

"ஏமய்யா இது?" என்றார் பிரபாகர், சட்டையில் கூழோடு.

பிரித்திகா கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தாள். ஓனர் பட்டியலைக் கோவர்தன் எக்ஸெல்லில் முத்திரை வாரியாக வரிசைப்படுத்தியிருந்தான். சைவர்கள் ஒரு பக்கம், வைஷ்ணவர்கள் ஒரு பக்கம் என்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஓனர் பெயர்கள் இடம் மாறின. பக்கத்திலிருந்த பாய்லர் விவரங்கள் மாறாமல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. முப்பத்தெட்டு பாக்டரிக்கும் அடுத்தவன் பாய்லர்.

"ஒரு மணி நேரம் கொடுங்கோ" என்றான் கோவர்தன். குரல் மட்டும் இன்னும் ஹெட்டாகவே இருந்தது. "ஃபங்ஷனுக்குள்ள இன்னொரு ஃபங்ஷன் எழுதிட்டா..."

"நவுருங்க" என்றாள் பிரித்திகா. "என்னுதுல இன்னும் பாதி பாக்கி. நானே கையால எழுதி முடிச்சிடறேன். யாரும் உள்ள வர வாணாம், எனக்குக் கவனம் செதறும்."

லேப்டாப்பையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கதவின் திரையையும் இழுத்துவிட்டாள். வெளியே பிரபாகர் சட்டையை அலசப் போனார். கோவர்தன் சுவர்க் கடிகாரத்தின் கீழ் நின்றான்.

மூன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. பிரித்திகா விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே வெளியே வந்தாள். முப்பத்தெட்டு லிஸ்ட். பெட்டி ஓடியது. கூழ் வெந்தது, டின்னுக்குள் விழுந்தது, அதன்பிறகு டின் மூடிக்கொண்டது. ஒரு பிழை இல்லை.

பிரபாகர் கைதட்டினார். "சூசாவா கோவர்தன்? மனுஷன் கை மனுஷன் கைதான்!"

அடுத்த திங்கட்கிழமை பிரித்திகா திருப்பதி ஹெட்டானாள். கோவர்தன் இரண்டு பெட்டி, ஒரு மின் அடுப்பு, ஒரு பாட்டில் சாத்தமுதுப் பொடியோடு தடா பஸ் ஏறினான். எண்பத்தெட்டு விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் மாமி இன்றும் பால் கணக்கு எழுதுகிறாள், ஸ்ரீ: போட்டு.

ஆனால் பையன் நன்றாகத் தோற்றான், அதைச் சொல்ல வேண்டும். ஃபங்ஷனை அவனே அழித்தான். தடா ஆபீஸின் எழுபது லிஸ்டுகளையும் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் எழுத ஆரம்பித்தான். சனிக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது, "உழைப்புன்னா பிரித்திகாகிட்ட கத்துக்கணும்" என்று சந்தில் எல்லோரிடமும் சொன்னான்.

ஆவணியில் நகரியில் பிரித்திகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுதீர், பங்காருபாளையம் பாக்டரி இன்ஜினியர். பெட்டி ஓடிய அழகைப் பார்த்தே பெண் கேட்டு வந்தவர். சந்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். கோவர்தன் தடாவிலிருந்து நேரே வந்திருந்தான், வலது மணிக்கட்டில் பட்டையாகக் கட்டுப் போட்டுக்கொண்டு.

பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த பெண்ணின் சின்னம்மா வெங்கடம்மா அந்தக் கட்டைப் பார்த்து நின்றாள்.

"அய்ய, கையில இன்னா நைனா, எங்கனா வுழுந்துட்டியா?"

"இல்லை மாமி. டைப் அடிச்சு அடிச்சு நரம்பு பிசகிடுத்துன்னு டாக்டர் சொல்றார்" என்றான் கோவர்தன் பெருமையாக. "நானும் இப்ப பிரித்திகா மாதிரியே ஒவ்வொரு லிஸ்டையும் கையாலதான் எழுதறேன்."

வெங்கடம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவளா, கையாலயா? போ நைனா! அஞ்சு வருசமா அவ செஞ்சு வச்ச ஏதோ ஒண்ணு ஒரு பட்டனத் தட்டுனா தானா எழுதிக்கினுகீது, அன்னிக்கி வெள்ளிக்கெழமகூட ரூம்ல கதவ சாத்திக்கினு நாலு மணி வரைக்கும் என்கூட வீடியோ கால்ல பட்டுப் பொடவதான் பாத்துக்கினு இருந்தா!"