செத்தவர் எப்படிச் சாமான் வாங்குவார்?

செத்துப்போன தகப்பனைப் போனில் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. அதில் என் பிழை ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். வீட்டில்தான் ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

அது மழையில்லாத சிறுபோகக் காலம். ஸ்கந்தபுரத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் நெல்லும் கதிர் தள்ளத் தொடங்கிய நேரம் பார்த்து, தண்ணீர் இறைக்கும் பம்பின் உள்ளே சுழலும் சக்கரம் வெடித்துவிட்டது. (மாரி முழுக்கச் சும்மா கிடந்தபோது வெடிக்கவில்லை. அதற்கும் என்னோடு ஏதோ கோபம்.) கிளிநொச்சியில் நான் ஏறி இறங்காத கடையில்லை. கடைசியில் என் மனைவி வதனிதான் போனில் தேடி, கொழும்பில் ஒரு கடையில் அது ஒன்றே ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். மத்தியானத்துக்குள் கார்ட்டால் காசு கட்டினால் பின்னேர பஸ்ஸில் போட்டுவிடுவார்களாம். இரண்டு மூன்று நாள் தண்ணீர் பிந்தினாலும் நெல் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். பதினாறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மெல்லிய குரலில் ஒரு பெண்பிள்ளை, கொழும்புத் தமிழ். பாங்கில் இருந்து பேசுகிறாளாம்.

பாங்க் என்றதுமே நான் உசாராகிவிட்டேன். பாங்கில் இருந்து என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், கவனம் என்று வாட்ஸப்பில் வந்த செய்தியை முதல்நாள்தான் ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்திருந்தேன்.

"மிஸ்டர் நாகலிங்கம் பேசுறீங்களா?"

"நாகலிங்கம் செத்து ஏழு வருசம்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் யார் என்று கேட்டாள். மகன் என்றேன். அவருடைய கார்ட்டில் இன்று ஏதோ வாங்கியிருக்கிறார்கள், அவர்தான் வாங்கினாரா என்று உறுதிப்படுத்தவே எடுத்தாளாம்.

என் அப்பா வாழ்நாளில் கார்ட்டைக் கண்ணால் கண்டதில்லை. அலுமாரியில் மடித்துவைத்த சேட்டுகளுக்கு அடியில்தான் காசு வைப்பார். அந்த மனிதனைப் போய் இழுக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (கோபம் வந்தால் மூளை முதல் ஆளாக எழும்பி வெளியே போய்விடும். அது எங்கள் பரம்பரைக் குணம்.)

"பிள்ளை, செத்த மனிசன் எப்பிடிச் சாமான் வாங்குவார்? உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையோ?"

"சரிங்க சார். உடனே நிறுத்திடுறோம்," என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

கள்ளர் கூட்டத்தையே ஓட ஓட விரட்டிய பெருமையில் கதிரையில் சாய்ந்தேன். ஒரு நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. வதனிதான் எடுத்து வாசித்தாள். கார்ட் நிறுத்தப்பட்டுவிட்டதாம்.

"இஞ்சாருங்கோ, உங்கட கார்ட்டில என்ன பேர் கிடக்கு?"

எடுத்துப் பார்த்தேன். சி. நாகலிங்கம்.

பாங்க் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதினேன். இந்த ஊரில் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். சிவரூபன் என்ற என்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அப்பாவை முழுசாக அடித்து அனுப்பியது பாங்கின் வேலை. கோபம் யாரில் வரவேண்டும், நீங்களே சொல்லுங்கள்!

கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். பாங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி திரையைப் பார்த்துவிட்டு, கார்ட்காரர் இறந்துவிட்டார் என்றார். நான்தான் கார்ட்காரன், முன்னால்தானே நிற்கிறேன் என்றேன். இறந்ததாக அறிவித்தவர் மகன் என்று பதிவாகியிருக்கிறதே என்றார். அந்த மகனும் நான்தான் என்றேன். பக்கத்து வரிசையில் நின்ற ஒரு அக்கா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒரே ஆள், அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று கிராம சேவையாளரிடம் கடிதம் வேண்டுமாம். அப்பாவின் சாவுக்குக் கடிதம் தந்தவரும் அதே கிராம சேவையாளர்தான். பேனையை மூடிவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகுதான் எழுதினார்.

கார்ட் உயிர்க்க மூன்று நாளாயிற்று, சக்கரம் வந்து சேர இன்னும் இரண்டு நாள். வதனி அயல்காரரின் பம்பை இரந்து வாங்கிப் பள்ளக் காணியைக் காப்பாற்றினாள். மேட்டுப் பக்கம் கால் ஏக்கர் சப்பியாகப் போனது. வெளிறி நிமிர்ந்து நின்ற அந்தக் கதிர்களைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றேன். எல்லாம் என் வாயால் வந்த வினை என்று அன்று மட்டும் மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

பெயரைத் திருத்தலாம் என்று பாங்கில் புதுப் படிவம் தந்தார்கள். அதிலும் முதல் பெட்டியே குடும்பப் பெயர். மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

ஆகவே கார்ட் இன்றும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. ஏதாவது பெரிதாக வாங்கினால் போன் வரும். மகள் துளசி அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் கேட்கும்படி, "அப்பா, அப்பப்பாவுக்குக் கோல்!" என்று ஓடி வருவாள். நான் தொண்டையைச் செருமி, என் வாழ்நாளில் வேறு யாரிடமும் காட்டாத பணிவோடு சொல்வேன்:

"ஓம் பிள்ளை, நாகலிங்கம்தான் கதைக்கிறன்."

உடனே குசினியில் இருந்து வதனியின் குரல் வரும்:

"மாமா, தேத்தண்ணி போடவோ?"