கேசரி நிறத்தில் ஒரு சம்பந்தம்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சமையலில் கை வைத்தேன். அந்தக் கை பழைய நிறத்துக்குத் திரும்ப ஒன்பது நாட்கள் ஆயின.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு. தங்கை வள்ளியைப் பெண் பார்க்க ஆவுடையார்கோவிலிலிருந்து வருவதாகத் தகவல் வந்திருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு வீட்டார், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்" என்று போனவர்கள்தான், சொல்லியனுப்பவே இல்லை. இதுவும் தவறினால் ஊர் பேசும் என்று ஆத்தா (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசி முடியும்வரை பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், ஒரு வாய் பலகாரம் தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆகவே அவர்கள் 'சரி' என்று சொல்லும்வரை பலகாரம் உள்ளேயே காத்திருக்கும்.

ஆத்தா கேசரிக்காகக் குங்குமப்பூவைப் பாலில் ஊறவைத்திருந்தாள். அது வெளிர் மஞ்சளுக்கு மேல் போகாது. நானோ திருச்சியில் ஒரு காபி கிளப்பில் செங்கல் நிறக் கேசரி தின்று, நாகரிகம் என்றால் இன்னதென்று தெரிந்துகொண்டு வந்தவன். கடைவீதியில் கேசரிப் பவுடர் ஒரு பொட்டலம் வாங்கினேன். கடைக்காரர், "ஒரு சிட்டிகை போதும் தம்பி," என்றார். (சிட்டிகை என்பது கஞ்சர்கள் கண்டுபிடித்த அளவு என்பது அப்போதைய என் கருத்து.)

ஆத்தா வள்ளிக்குத் தலை பின்னப் போன நேரத்தில் பொட்டலம் முழுவதையும் வாணலியில் கொட்டினேன். ரவை முதலில் மஞ்சளானது, பிறகு ஆரஞ்சானது, அதோடு விடாமல் சூரியன் மறைகிற நிறத்துக்குப் போய் நின்றது. ஈரக் கையில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்தேன். அங்கே ஐந்து விரலும் பதிந்தன. புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் எரிந்தது. நிறம் அப்படியே இருந்தது.

ஆத்தா வந்து பார்த்தாள். கத்தவில்லை.

"இது மனுசர் திங்கிறதுக்கா, செவுத்துக்கு அடிக்கிறதுக்கா? கொல்லைத் தாழ்வாரத்துல கொண்டுபோய் மூடி வை. நீயும் அங்கிட்டே இரு."

தாழ்வாரத்தில் மூடி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் வாசலில் வண்டி வந்துவிட்டது. "வீட்டுப் பிள்ளை முன்னால நிக்கணும்டா," என்று அப்பா கூப்பிட்டார். வேட்டியை மாற்றினேன், கையை மாற்ற வழியில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திவானைப் போலத் தலையை மட்டும் அசைத்தேன்.

"தம்பிக்குக் கும்பிடுற பழக்கம் இல்லையோ?" என்றார் அவர்.

"கூச்ச சுபாவங்க," என்றார் அப்பா.

"பாத்தா அப்படித் தெரியலையே."

வள்ளி வந்து வணங்கிவிட்டுப் போனாள். கூட வந்திருந்த அவர் மனைவிக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கைகால் கழுவக் கொல்லைக் கிணற்றுக்குப் போனார். திரும்பிவர வெகு நேரமாயிற்று. வந்ததும், வலது கையைத் துண்டுக்குள் வைத்தபடியே, எதைச் சொல்லக்கூடாதென்று நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தோமோ அதையே சொன்னார்: "அப்ப, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்."

ஆத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்புகிறவர்களுக்கு வள்ளி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்க அவர் துண்டிலிருந்து கையை எடுக்கவேண்டியதாயிற்று. அந்த விரல்களை வள்ளி பார்த்தாள்.

"சவுக்காரம் தரட்டுமா மாமா? புளி போட்டாப் போகாதுங்க. அண்ணன் தேச்சுப் பாத்துருச்சு."

அவர் மனைவி திரும்பினார். "என்னங்க அது கையில?"

"கிணத்தடியில... செம்மண்ணு."

"நாக்க நீட்டுங்க."

நீட்டினார். அங்கேயும் சூரியன் மறைந்துகொண்டிருந்தது.

"பொண்ணு வீட்டுல கை நனைச்சுட்டு ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறதா? நல்லா இருக்கு நாயம்," என்று அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். "வெத்தலைத் தட்டை எடுத்தாரச் சொல்லுங்க."

அப்பா தட்டை என்னிடம் தந்து கொடுக்கச் சொன்னார். இரண்டு கைகளாலும்தான் கொடுக்க வேண்டும். தட்டின் இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவர் கை. இரண்டும் ஒரே நிறம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கும்பிடலையா?"

"ஆமாங்க."

"சரி, மிச்சத்தையும் கொண்டாங்க தம்பி. இனிமே ஒளிஞ்சு திங்க வேண்டியதில்ல."

வள்ளி இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்த வீட்டில் யாராவது "நான் எடுக்கவில்லை" என்று சொன்னால், காணாமல் போனது குடையாகவே இருந்தாலும், முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் விதி வேறு. வாசலிலேயே இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். போன மாதம்கூடக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.