இறக்கைக்கு அடியில் போய் வந்த ராக்கெட்

"இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பவர்களைத் தனி இனமாகவே வகைப்படுத்திவிடலாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பூட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனைவரை போவார், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வந்து பூட்டைத் திறப்பார், அணைந்துதான் இருக்கிறது என்று தெரிந்ததும் ஏமாந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி பூட்டி, மறுபடி இழுப்பார். அதற்குள் பஸ் போய்விடும். போனால் என்ன? பூட்டு பத்திரம்.

இந்த இனத்துக்கு ராக்கெட் வேலை சரிப்படாது என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மைதான், தரையில் பற்றவைத்ததைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் எங்கள் கம்பெனியில் ராக்கெட்டை ஒரு ராட்சத விமானத்தின் இறக்கைக்கு அடியில் மாட்டி, மேகத்துக்கு மேலே கொண்டுபோய் நழுவவிடுவோம். விழும்போது அதன் எஞ்சின் பற்றிக்கொள்ளும். செயற்கைக்கோளோடு சுற்றுப்பாதைக்குப் போய்விடும். நழுவவிடும்வரை மனம் மாறலாம். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா?

நழுவவிடும் பொத்தான் அப்பாவிடம் இருந்தது. அவர் கையில் ஒரு ராக்கெட்கூடக் கெட்டதில்லை. பாதி போய்ச் சேர்ந்ததுமில்லை. ராக்கெட்டுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவந்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே விமானி இறங்குவார். போன காரியம் என்னாச்சு என்பாள் அம்மா. காற்று சரியில்லை என்பார் அப்பா.

"கல்யாணத்துக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க."

அவருக்கே உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோதும், இன்னொரு ஸ்கேன் பார்த்துவிடலாமே என்றார். பார்த்தார்கள். பஸ் போய்விட்டது.

அவர் இருக்கையை எனக்குக் கொடுத்தார்கள். இந்த முறையும் திரும்பி வந்தால் செயற்கைக்கோள்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கென்ன பயம்? அப்பாவைக் கேலி செய்தே வளர்ந்தவள். மேலே போனோம். விளக்குகள் எல்லாம் பச்சை. காற்றுகூடச் சரியாக இருந்தது.

"விட்டுடலாமாம்மா?" என்றார் விமானி.

"இன்னொரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் அங்கிள்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு சுத்துக்குத்தான் எரிபொருள் இருக்கு. உங்கப்பாகிட்டயும் இதையேதான் சொல்லுவேன்" என்று விமானத்தை வளைத்தார்.

மறுபடியும் எல்லாம் பச்சை. எனக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. அதோடேயே அழுத்தினேன். சுமை கழன்றதும் விமானம் சட்டென்று மேலே துள்ளியது. அப்போது வயிறு தொண்டைக்கு வரும் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வந்தது. ஒரு நெருப்புக்கோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனது.

தரையிறங்கியதும் நேரே போய் இறக்கைக்கு அடியில் பார்த்தேன். காலி. விமானத்தைச் சுற்றி வந்து இன்னொரு தடவையும் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே வந்தீர்கள்? இழுத்துப் பார்த்தீர்களா?