மாமனாரின் டர்போவுக்கு மூச்சு முட்டிய கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைப் பையன் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டுதான். பஜ்ஜி சாப்பிட வேண்டும். அதற்கு மட்டும் வாயைத் திறக்க வேண்டும். முதல் வேலையை நான் சிறப்பாகச் செய்தேன். இரண்டாவதில்தான் கோட்டை விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும்.

வருடம் 1991. ஸ்ரீபெரும்புதூர் ஓரமாக, லாரிகளுக்கு ரப்பர் ஹோஸ் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஆட்டோமொபைலில் டிப்ளமா முடித்திருந்ததால் எங்கள் தெருவில் எனக்கு இன்ஜினியர் என்று பெயர். (ஹோஸின் நீளத்தை அளந்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் டிக் அடிப்பதுதான் என் இன்ஜினியரிங்.) இன்று ஒரகடத்தில் ஷிப்டு விட்டால் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அன்று அதே ரோட்டில் வேர்க்கடலை காயப் போட்டிருப்பார்கள். பஸ் வந்தால் ஒதுக்குவார்கள், அதுவும் மனசு வந்தால்.

பெண் வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். பெண் பெயர் கயல்விழி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பெயர் அறிவழகன். பெற்றவர்கள் வைத்த பெயரில் சாமி இருந்ததால் அவரே மாற்றிக்கொண்டது. பகுத்தறிவை இங்கிருந்து வளைகுடாவுக்குக் கொண்டுபோய், பல வருஷம் கழித்து ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தவர். கூடவே ஒரு வெள்ளைக் காரையும் கொண்டுவந்திருந்தார். இடப்பக்கம் ஸ்டீயரிங், கதவில் கொட்டை எழுத்தில் 'டர்போ'. அந்த வட்டாரத்திலேயே அப்படி ஒரு வண்டி கிடையாது. அவர் அதைத் துடைக்கும்போது தெருவே நின்று பார்க்கும்.

வீட்டில் சாமி படம் இல்லை. வாசலில் திருஷ்டிப் பூசணி இல்லை. நல்ல காரியம் எதுவானாலும் ராகு காலத்தில்தான் செய்வார். எங்களையும் ராகு காலத்தில்தான் வரச் சொல்லியிருந்தார். என் அம்மா பஜ்ஜியைக் கடிக்கவே பயந்தாள்.

"இன்னா தம்பி, ஆட்டோமொபைல் படிச்சிக்கிறியாமே? டர்போ தெரியுமா?"

'தெரியாது சார்' என்று சொல்லியிருக்கலாம். எதிரே கயல்விழி உட்கார்ந்திருந்தாள்.

"டர்போவா? அத்துப்படி சார்!" என்றேன். (டர்போவை நான் பார்த்தது புத்தகத்தில். அதுவும் பக்கத்துப் பெஞ்சுக்காரனின் புத்தகத்தில். என் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது.) கூடவே ஒரு பிரசங்கமும் செய்தேன். இன்ஜின் விடும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறி சுற்றும், அந்த விசிறி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நல்லவேளை, பஜ்ஜி இருந்தது.

"அந்த பூஸ்ட்டுதான் வர்ல," என்றார் அறிவழகன். "ஒரு மாசமா மிதிச்சா வண்டி இழுக்க மாட்டேங்குது. மெட்ராஸ்ல பெரிய பெரிய மெக்கானிக்கே கைய விரிச்சிட்டான். நிக்க வெச்சிப் பாத்தா ஒண்ணுமில்லன்றான்."

சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி கண்ணம்மாவின் குரல் வந்தது. "ஆயுத பூஜைக்கு ஊர்ல கீற வண்டியெல்லாம் மாலை போட்டுக்கினு நின்னுச்சி. இது மட்டும் மொட்டையா நின்னுச்சி. டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெக்க வுட்டாரா இந்த மனுசன்? அன்னிலேர்ந்துதான் இப்டி."

"கண்ணாவது திருஷ்டியாவது! இன்ஜினுக்கு எலுமிச்சம்பழம் இன்னாத்துக்கு? ஊறுகா போடவா?" என்று சீறிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, பேங்க்ல வேல பாக்குற பையன் ஒருத்தனும் பொண்ணு கேட்டுக்கினு கீறான். எனக்கு சொன்னத செய்யற ஆளு வேணும். ஞாயித்துக்கெழம வந்து வண்டிய சரி பண்ணு. குடும்பத்தோட ஸ்ரீபெரும்புதூர் வரிக்கும் போய்ட்டு வருவோம். ஓடிச்சின்னா தேதி வெப்போம். ஓடலன்னா..."

பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கயல்விழி நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று, சாதாரணமாக அல்ல. அந்தப் பேங்க் பையனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து அவன் எனக்குப் பரம விரோதி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் நின்றேன். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற ஞானத்தை வைத்து, பூஸ்ட் போகும் ஹோஸ்களில் எல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்தேன். காற்று கசிந்தால் குமிழ் வருமாம். குமிழே வரவில்லை. கார் மட்டும் பளபளவென்று ஆயிற்று.

அடுத்தது புகைச் சோதனை. குழாய்க்குள் புகையை விட்டால், கசிகிற இடத்தில் வெளியே வரும்.

"கொஞ்சம் சாம்பிராணி கெடைக்குமா?" என்று கேட்டேன்.

அறிவழகன் முகம் சிவந்தது. "இந்த வூட்லயா? சாம்பிராணியா?"

"அறிவியல் சார்," என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கண்ணம்மா உள்ளே ஓடி, அரிசி டின்னுக்கு அடியிலிருந்து சாம்பிராணியும் தூபக்காலும் எடுத்துவந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒளித்து வைத்திருந்தாராம். அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். முன்விளக்குக்குப் பக்கத்தில் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் இருக்கிறது. அங்கே புகையைப் பிடித்து, சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். புகை உள்ளே போகாமல் முகத்துக்கே திரும்பி வந்தது. சாம்பிராணியில் கலப்படம் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா அறிவழகா, மனசு மாறிட்டியா? நல்லாரு!" என்றார். அறிவழகன் என்னைப் பார்த்த பார்வையில் பேங்க் பையன் ஒரு படி மேலே ஏறினான்.

அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கக் கை வைத்தேன்.

"அங்க கை வெக்காத தம்பி! அது கம்பெனி பிட்டிங்கு!" என்று பதறினார். காரின் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி என்று ஏர் பில்டர் பெட்டியின் மூடியைத் திறந்து, பில்டரைத் தட்டி வைத்தேன். டர்போவின் பக்கத்தில் ஒரு கம்பி இருந்தது. அதன் நட்டை அரைச் சுற்று திருகினேன். பயமாக இருந்தது. திருகின அரைச் சுற்றையும் திரும்ப எடுத்துவிட்டேன். பில்டர் மூடியைப் போடாமலே தெருமுனை வரை ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தேன்.

வண்டி பறந்தது! உண்மையிலேயே பறந்தது. ஒரு கோழி மயிரிழையில் தப்பியது. திரும்பி வந்து இறங்கியபோது நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்திருந்தது.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் கயல்விழி.

"அந்த நட்டுதான். அரைச் சுற்று. அனுபவம் இருந்தாத்தான் தெரியும்," என்றேன்.

பிறகு நல்ல வேலைக்காரனுக்கு அழகாக, பில்டர் மூடியை இறுக்கிப் பூட்டி, துணியால் துடைத்தும் வைத்தேன்.

குடும்பமே ஏறிக்கொண்டது. ஸ்டீயரிங்கில் நான், வலப்பக்கத்தில் அவர், பின்னால் அம்மாவும் மகளும். ரயில்வே கேட் தாண்டி, ஒரகடம் ரோட்டில் திரும்பி, ஆக்சிலேட்டரை ஓர் அமுக்கு அமுக்கினேன். கார் ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே தவழ ஆரம்பித்தது. கோழிக்கூடை கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. கோழிகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டே போயின. பின்னாலேயே வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி வந்து, கொஞ்ச தூரம் பக்கத்திலேயே நடந்தது.

"இன்னா சார், காரை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கினு போறீங்களா?" என்று கேட்டார் வண்டிக்காரர். அவருடைய மாடுகூட எங்களுக்காக இரக்கப்பட்ட மாதிரி இருந்தது.

நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்ஜின் சமர்த்தாக ஓடுகிறது. ஏறி மிதித்தால் மூச்சு முட்டுகிறது. இப்படியே நின்று நின்று போனோம். ஒரகடம் வந்தபோது அறிவழகன் வாயைத் திறந்தார்.

"பேங்க்கு வேலன்னா மாசாமாசம் சம்பளம் கரெக்டா வந்துடும்," என்றார், வயலைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, இருங்க," என்றாள் பின்னாலிருந்து கயல்விழி. "மிதிச்சா முன்னால டொக்குனு ஒரு சத்தம் வருது. காலை எடுத்தா எதுவோ உருளுது. எங்க இன்ஸ்டிட்யூட்ல மிஷினுக்குள்ள எதுனா விழுந்தாலும் இப்டித்தான். உள்ள இன்னமோ கீது."

இறங்கினோம். 'கம்பெனி பிட்டிங்'கைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து ரோட்டில் விழுந்தது. மேலே குங்குமப் பொட்டு.

எல்லாம் விளங்கிவிட்டது. மிதித்தால் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் பழம் ஓடிப்போய்க் குழாயின் கழுத்தை அடைக்கிறது. நிறுத்தினால் பழையபடி உருண்டு வந்துவிடுகிறது. காலையில் மூடியைத் திறந்து வைத்ததால் காற்று அந்த வழியாகப் போனது, வண்டி பறந்தது. என் நட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"கண்ணம்மா! உன் வேலதான இது?" என்று கத்தினார் அறிவழகன். தேவைக்கு மேல் கத்தினார்.

"சாமி சத்தியமா நான் வெக்கலீங்க!" என்றார் அந்த அம்மா. (அந்த வீட்டில் அந்தச் சத்தியம் செல்லாது.) அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் அறிவழகனைப் பார்த்தேன். அவர் பழத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் வியர்வை வழிந்தது. 'அங்க கை வெக்காத தம்பி' என்று பதறியது எனக்கு ஞாபகம் வந்தது. ஊரே கண் வைக்கிற காரை மொட்டையாக நிறுத்த அந்த மனுஷருக்கு மனசு வரவில்லை. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத் தானே ஒரு பழத்தை வைத்திருக்கிறார். காரில் ஒரு கோளாறையும் கண்டுபிடிக்கத் தெரியாத நான், காருக்குச் சொந்தக்காரரின் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். பாவமாகவும் இருந்தது. என் சுயநலமும் பக்கத்திலேயே நின்று முதுகில் தட்டியது.

"நான்தான் சார் வெச்சேன்," என்றேன்.

மூவரும் திரும்பினார்கள்.

"காலைல... காத்து போற வேகம் பார்க்க. ஒரு டெஸ்ட்டு. எடுக்க மறந்துட்டேன்."

"குங்குமம்?" என்றாள் கயல்விழி.

"அது... எங்க கம்பெனியில செக் பண்ணினா அடையாளம் வைப்போம்."

அவள் பழத்தை எடுத்துப் பார்த்தாள். காய்ந்து, பழுப்பேறி, கொட்டைப்பாக்கு மாதிரி ஆகியிருந்தது. காலையில் வைத்த பழம் மத்தியானத்துக்குள் அப்படிக் காயாது. என்னைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், பழத்தை வயலில் வீசினாள்.

"அப்டின்னா ஒரு மாசமா வண்டி ஓடலியே, அது ஏன்?" என்றார் கண்ணம்மா.

"அது வேற ரிப்பேரு! அத மாப்ள காலைலயே சரி பண்ணிட்டாரு!" என்றார் அறிவழகன்.

மாப்ள! முதல் தடவை.

"ஆனா ஒண்ணு," என்று குரலை உயர்த்தினார். "படிச்ச பையனுக்கே இம்மாம் மூட நம்பிக்கை பாரு. பரவால்ல. கொஞ்சம் கொஞ்சமா திருத்திடுவோம்."

கார் பறந்தது. மாட்டுவண்டியை முந்தும்போது நான் ஹாரன் அடித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் காபி குடித்துக்கொண்டே தேதி வைத்தார்கள். ராகு காலத்தில்தான்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு 'எலுமிச்ச மாப்ள' என்று பெயர். பந்தியில் ஊறுகாய் வந்தால், "அவரு எலயில வெக்காதீங்க, எந்த வண்டிக்குள்ளயாவது போட்டுடுவாரு," என்று யாராவது ஒருவர் சொல்வார். முதலில் சிரிப்பவர் என் மாமனாராகத்தான் இருப்பார்.

இப்போது என் மகள் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன வருஷம் அவளே ஒரு கார் வாங்கினாள். அதுவும் டர்போதான். கைத்தடியோடு வந்திறங்கிய மாமனார், இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்றார். பானெட்டைத் திறந்து விட்டோம். "எல்லாரும் போயி டீ குடிங்க, நான் நின்னு நெதானமா பாக்கணும்," என்றார். குடித்துவிட்டு வந்தபோது, பானெட்டை மூடச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாந்தமாக உட்கார்ந்திருந்தார்.

கயல்விழி நேரே போய் பானெட்டைத் திறந்தாள். குழாயின் வாய்க்குள் கையை விட்டாள். புத்தம் புதிய பழம், புத்தம் புதிய பொட்டு.

"ஐயோ, இது யார் வேலம்மா?" என்று அலறினாள் மகள்.

கயல்விழி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரகடம் ரோட்டில் பார்த்த அதே பார்வை.

"உங்கப்பாதான்டி. வேற யாரு?"

"இன்னா மாப்ளே," என்றார் மாமனார், தலையை ஆட்டிக்கொண்டு. "இன்னுமா திருந்தல நீங்க?"

"இல்ல மாமா," என்றேன்.

கயல்விழி பொட்டைத் துடைத்துவிட்டு அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டாள். முதல் டம்ளரை அவருக்குத்தான் கொடுத்தாள்.