இரண்டாம் நம்பர் சட்டி

பயந்தவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் தப்பையும் பத்திரமாக மூடி வைத்துச் செய்வார்கள். நான் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். தல்லாகுளத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பேரையூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த குவாரி ஒன்றில் மரம் வைக்க வேண்டும். அங்கே குவிந்து கிடந்த மண் அதற்கு ஆகுமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். தோண்டுமுன் வழித்து ஒதுக்கிய செம்மண் ஒரு குவியல். கல்லோடு வந்த வெள்ளைக் கழிவு மண் இன்னொரு குவியல்.

"கடைசியா ரெண்டு மண்ணுலயும் பயறு போட்டுப் பாரும்மா. ஒழுங்கா செஞ்சீன்னா ஒன்னைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன்" என்றார் அதிகாரி.

ஆபீஸில் சனி, ஞாயிறு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு சட்டிகளிலும் நம்பர் எழுதி, பஸ்ஸில் மடியில் வைத்துக் காளவாசல் வீட்டுக்கே கொண்டுவந்தேன். வீட்டில் என் பத்து மாத மகன் மண்ணைக் கண்டால் வாயில் போடுவான். (அவனுக்கு அப்போதே மண் பரிசோதனையில் ஆர்வம்.) அதனால் இருட்டான உள்ளறையில் சட்டிகளை வைத்துக் கூடையால் மூடினேன்.

ஒன்றாம் நம்பர் செம்மண்ணில் மூன்றாம் நாளே முளை. இரண்டாம் நம்பர் வெள்ளை மண்ணோ, தண்ணீர் பட்டதும் சிமெண்டுத் தரையாக இறுகிவிட்டது. ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? குழந்தைக்கு வேறு சளி. அவன் மூச்சையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துக் கண் கலங்கினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களோடு இருந்த மதினி (என் கணவரின் அக்கா) இதையெல்லாம் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் கூடையைத் தூக்கினால், இரண்டாம் நம்பரில் முளைகள் நெருக்கியடித்து நிற்கின்றன! பன்னிரண்டாம் நாள் ஒன்றாம் நம்பரையே தாண்டிவிட்டன.

அடுப்பை அணைத்தோமா என்று நான்கு தடவை திரும்பிப் பார்க்கிற நான், அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை. இந்த வெள்ளை மண்ணுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று வியந்து, 'மரம் வளர்க்க மிகப் பொருத்தம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி அதை மூன்று தடவை படித்தார். "ஏம்மா, அந்தக் குவியல்ல எருக்குகூட மொளைக்கலையே. சட்டிய நான் பாக்கணும்."

ஜீப் காளவாசலுக்கு வந்தது. உள்ளறை வாசலில் மதினி மறித்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சார். மொளப்பாரி இருக்கிற எடம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

"இருட்டு ரூம்புல சட்டிய வச்சுக் கூடையக் கவுத்தியிருக்கா. தெனமும் பாத்துப் பாத்துக் கண்ணக் கசக்குறா. புள்ளைக்குச் சளி தீர ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டான்னு எனக்குத் தெரியாதா? நேத்திக்கடன வாய்விட்டுக் கேக்கலாமா? மொளப்பாரி மொளைக்கலேன்னா வீட்டுக்கு ஆகாதுன்னு, நாந்தேன் கல்லாட்டம் கெடந்த மண்ணக் கொத்தி எறிஞ்சிட்டு, ஆட்டுப்புழுக்கை போட்டுப் புதுசாப் பயறு போட்டேன். மேல மட்டும் அந்த வெள்ளை மண்ணையே தூவிவிட்டேன். அவ மனசு நோகக்கூடாதுல்ல?"

"எம்புட்டுப் புழுக்கை போட்டீங்க?" அதிகாரி நோட்டை எடுத்துவிட்டார்.

"சட்டி நெறையத்தேன். சளி விட்டுச்சா இல்லையா, அவளையே கேளுங்க!"

சளி விட்டிருந்தது. அதைச் சோதிக்க எங்கள் கூடத்தில் வசதியில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரை.

அதிகாரி திட்டவில்லை. அறிக்கையை மட்டும் கிழித்தார். ஆபீஸ் ஜன்னலோரம், வெளிச்சத்தில், மறுபடி பயறு போட்டேன். இந்த முறை வெள்ளை மண்ணில் புழுக்கை கலந்த மூன்றாம் சட்டியும் உண்டு. அதுவும் இறுகித்தான் போனது. கடைசியில் குவாரியில் குழி வெட்டி, செம்மண்ணும் புழுக்கையும் நிரப்பித்தான் வேம்பு வைத்தார்கள். வேம்பு பிடித்துக்கொண்டது. நான் நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

சில வருடம் கழித்து, மதினி வாயால் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகன் முதல்முறையாகக் கணக்கில் நூறு வாங்கி வந்தான். நான் விடைத்தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அம்மா, சத்தியமா வெறும் மண்ணுதான்மா" என்றான். "புழுக்கை போடல."