திருமதி டிரை கிளீன் ஒன்லி

ஒரு காட்டில், மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, தாயில்லாத குட்டிகளுக்கு ஒரு காப்பகம் இருந்தது. அதன் வார்டன் கோசலை என்ற முள்ளம்பன்றி. நல்ல மனசுக்காரி. குட்டிகளுக்குப் பால் ஊட்டுவாள், உண்ணி எடுப்பாள், வயிற்றுப்போக்கு என்றால் கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுப்பாள். ஒன்றே ஒன்றுதான் அவளால் ஆகாது. யாரையும் கட்டிப்பிடிக்க முடியாது. இந்த வேலைக்குப் போயும் போயும் ஒரு முள்ளம்பன்றியை யார் போட்டார்கள் என்று கேட்கக்கூடாது. சீனியாரிட்டிப்படி அவளுக்குத்தான் வந்தது.

பதிவேடு எழுதுவதற்கு மாசிலாமணி என்ற கருங்குரங்கு இருந்தான். எல்லோரும் அவனை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுலா வேன் ஒன்றிலிருந்து பிடுங்கிய டேப், அதாவது பலகை மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அவனிடம் இருந்தது. மூலையில் விரிசல் விட்ட அந்த டேப்பை எந்நேரமும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரிவான். குட்டிகள் டேப்பைப் பொறாமையோடு பார்க்கும்.

சித்திரை மாதத்தில் சடைச்சி என்ற கரடிக்குட்டி அங்கே வந்து சேர்ந்தது. அதன் தாய் காத்தாயிக்கு ஒரு பலவீனம் உண்டு. கோயில் விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிடுவாள். மூன்று கோயில்களில் குடித்தாள், சாமிகள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது கோயிலில் கூண்டு வைத்துவிட்டார்கள். அவளை வண்டியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். வண்டியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பதால் ரைட்டர் ‘தாய்: இல்லை’ என்று எழுதினான்.

கரடிக்குட்டிகள் தாயின் முதுகு மயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வளர்கிறவை. பிடிக்க மயிர் இல்லாவிட்டால் அவற்றுக்குப் பால் இறங்காது. சடைச்சி மூன்று நாளாக ஒரு வாய் குடிக்கவில்லை. தேங்காய் நாரைச் சுருட்டிக் கொடுத்துப் பார்த்தாள் கோசலை. குட்டி அதை முகர்ந்துவிட்டுத் தள்ளிவைத்தது. வேறு வழி தெரியாமல் அவளே முள்ளையெல்லாம் படியப் படிய மடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மெல்லப் பக்கத்தில் படுத்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தும்மல் வந்தது. குட்டியின் காதிலிருந்து ஏழு முள் எடுத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மலைமேல் நகரத்து அம்மாள்கள் அலமாரியைக் காலி செய்தார்கள். அவர்களுடைய மாமியார்கள் வெள்ளைக்காரர் காலத்து விருந்துகளுக்குப் போட்டுக்கொண்டு போன மயிர்த்தோல் கோட்டுகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. போட்டுக்கொண்டால் ஊர் திட்டும். எரித்தால் நாறும். கொடுத்துவிட்டால் புண்ணியம். தாயில்லாத குட்டிகள் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு ஜீப் நிறைய அனுப்பிவைத்தார்கள். குட்டிகள் அவற்றின்மேல் படுத்திருக்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்று ஒரு சீட்டும் கூடவே வந்தது. உரித்தவர்கள் யார் என்று சீட்டில் இல்லை. அவர்கள் போட்டோ கேட்கவில்லை.

ரைட்டர் வரிசை எண்ணின்படி பிரித்துக் கொடுத்தான். மான்குட்டிக்குச் சிறுத்தைத்தோல் கோட்டு வந்தது. கோசலை பதறிப்போய், மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். வரிசை எண்ணை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும் என்றான் ரைட்டர். ஆனால் அன்றைக்கு எல்லோரையும்விட நன்றாகத் தூங்கியது மான்குட்டிதான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, சிறுத்தை எங்கே இருக்கிறது என்று அதற்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நரிக்குட்டிகள் இரண்டுக்கும் தலையோடு சேர்ந்த கழுத்துத்தோல் ஒன்று கிடைத்தது. அதற்குக் கண்ணாடிக் கண் வைத்திருந்தார்கள். “பெரியம்மா கண்ணை மூடவே மாட்டேங்கிறாங்க” என்று ஒரு குட்டி புகார் சொன்னது. “திட்டவும் மாட்டேங்கிறாங்க, பேசாம படு” என்றது மற்றது.

சடைச்சிக்குக் கணுக்கால் வரை தொங்குகிற கறுப்புக் கோட்டு வந்தது. பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் மயிர் நீளமாக இருந்தது. குட்டி இரண்டு கையாலும் பிடித்தது. முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதது. அப்புறம் ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நல்ல காரியம் நடந்த இடத்தில் யாரும் பதிவேட்டை எடுக்காமல் இருந்தால் எத்தனையோ கதைகள் நன்றாக முடிந்திருக்கும்.

அந்த வாரம் டேப்பில் புதுப் படிவம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அப்படிப் பார்த்தால் சடைச்சி ஒருத்திதான். ‘தாயின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்தால் சிவப்புக் கோடு விழுந்தது. புள்ளி வைத்தாலும் விழுந்தது. ரைட்டர் தலையைச் சொறிந்துகொண்டு குட்டியிடம் போனான். குட்டி கோட்டின்மேல் படுத்திருந்தது. காலர் மடிப்புக்குள்ளே ஒரு வெள்ளைச் சீட்டு தைத்திருப்பதைப் பார்த்தான். தண்ணீரில் துவைக்காதீர்கள் என்பதற்காகக் கடைக்காரன் தைத்த சீட்டு அது. ரைட்டருக்கு ஹோட்டல் பலகைகளைப் படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“டிரை கிளீன் ஒன்லி.”

“வெள்ளைக்காரப் பேரா இருக்கே” என்றாள் கோசலை.

“ஒன்லிங்கிறது குடும்பப் பேரு. நல்ல குடும்பம் போல.”

அப்படியே அடித்தான். முகவரிக் கட்டத்தில், கோட்டு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தை, ‘அலமாரி’ என்று அடித்தான். பச்சை டிக் விழுந்தது. தாயின் குடும்பப் பெயரிலிருந்து தலைப்பெழுத்தைச் சேர்த்து, குட்டியின் பெயர் ஒ. சடைச்சி என்று ஆனது. இருவருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் சடைச்சிக்குப் பால் வரவில்லை. டேப்பைத் திறந்து பார்த்தால், ‘தாய் உண்டு. அநாதை அல்ல. ஒன்றாம் தேதிக்குள் தாய் நேரில் வந்து அழைத்துச் செல்லவும். தவறினால் குட்டி வெளியேற்றப்படும்’ என்று இருந்தது.

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள்தான். பிடிக்க ஆளில்லாத கரடிக்குட்டியைக் காட்டில் இறக்கிவிட்டால் அது ஒரு நாள் தாங்குமா, இரண்டு நாள் தாங்குமா என்று கோசலை நகத்தைக் கடித்தாள். எழுதியதை அழித்துவிடு என்று ரைட்டரிடம் கெஞ்சினாள். எழுதலாம், அழிக்க முடியாது, தாய் செத்துவிட்டாள் என்று சான்றிதழ் வாங்கி வந்தால் மட்டும் திருத்தலாம் என்றான் அவன்.

சான்றிதழ் கொடுப்பவர் டாக்டர் விருத்தகிரி. பிணந்தின்னிக் கழுகு. அந்தக் காட்டில் செத்துப்போனதை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. கோசலை கோட்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்தாள். டாக்டர் சுற்றிச் சுற்றி நடந்தார். பைக்குள் அலகை விட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு ஓரத்தைக் கிழித்து மென்றார். பாச்சை உருண்டை காரம் தொண்டைக்கு ஏற, துப்பிவிட்டு அரைமணி நேரம் இருமினார்.

“நாற்பது வருஷ சர்வீஸ்மா எனக்கு. செத்தது எதுவா இருந்தாலும் எனக்கு ருசிக்கும். இது ருசிக்கல. அப்படின்னா சாகல.”

இது வெறும் தோல், உள்ளே ஒன்றுமே இல்லை என்று கோசலை எடுத்துச் சொன்னாள். உள்ளே ஒன்றும் இல்லாத ஆட்கள் பலபேர் பெரிய பதவியிலேயே இருக்கிறார்கள், அவர்களையெல்லாம் செத்தவர்கள் என்று எழுதினால் தன் வேலை போய்விடும் என்றார் டாக்டர். திருமதி ஒன்லி நலமாக இருக்கிறார் என்று உயிர்வாழ்வுச் சான்று எழுதி, முத்திரைக்குக் காலால் அழுத்திக் கொடுத்தனுப்பினார்.

மான்குட்டி தன் பாலில் பாதியைச் சடைச்சிக்குக் கொடுத்தது. இரண்டாம் நாளே, தனக்கு உடம்பு இளைத்துவிட்டது, கால் எல்லாம் குச்சியாகிவிட்டது என்று புலம்ப ஆரம்பித்தது. அதன் கால் எப்போதும் குச்சிதான்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காத்தாயி வந்து நின்றாள்.

வண்டிக்காரர்கள் அவளை இரண்டு மலைக்கு அப்பால் இறக்கிவிட்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருந்தாள். வழியில் கோயில் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விலா எலும்பு தெரிந்தது. பாதம் வெடித்திருந்தது. சடைச்சி அவளை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகில் ஏறிக்கொண்டது. ஒரு கையால் தாயின் மயிரைப் பிடித்தது. மற்றக் கையில் கோட்டை விடவில்லை.

காத்தாயி நேராக ரைட்டரின் ஜன்னலுக்குப் போய், தன் பிள்ளையைத் தான் கூட்டிப்போவதாகச் சொன்னாள். ஒரு குட்டிக்கு ஒரு தாயைத்தான் டேப் ஏற்றும், அந்த இடம் நிரம்பிவிட்டது என்றான் ரைட்டர். வேண்டுமானால் சித்தி என்று போடலாம், ஆனால் சித்தியிடம் குட்டியை விடுவதில்லை. அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதனால் ஒரு வழி சொன்னான்.

“உங்க சீட்டைக் காட்டுங்க. பேரு ஒத்துப்போச்சுன்னா விட்டுடறேன்.”

“என்ன சீட்டு?”

“உள்பக்கம் தைச்சிருக்கும். திருப்பிக் காட்டுங்க.”

“உள்பக்கம் திருப்பினா நான் செத்துப்போயிடுவேன் ரைட்டரே.”

“செத்தா இன்னும் சுலபம். டாக்டர் ருசி பார்த்துச் சான்று கொடுத்துடுவார்.”

காத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கம்பி வளைந்தது. கோசலை அவளை அவசரமாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். தள்ளிக்கொண்டு போக முடியாது, குத்தும். அதனால் முள் அவள் பக்கம் திரும்பாமல், பின்னோக்கி நடந்தபடியே வழிகாட்டினாள். அங்கே சடைச்சியின் கையிலிருந்து கோட்டை வாங்கி, காத்தாயி முன்னால் விரித்துப் பிடித்தாள்.

காத்தாயி அதை முகர்ந்தாள். பாச்சை உருண்டைக்கு அடியில், வெகு தூரத்தில், வேறு ஒரு வாசனை இருந்தது.

“இது நம்ம சனம்” என்றாள். “யாரு பெத்த பிள்ளையோ.” பிறகு, “கோவிச்சுக்காதே அக்கா” என்று கோட்டிடம் சொல்லிவிட்டு, அதன் கைக்குள் தன் கையை விட்டாள்.

மறுநாள் நல்ல வெயில். ஜன்னலுக்கு முன்னால் உடும்பு ஒன்றும் இரண்டு காட்டுப்பன்றிகளும் எதற்கோ நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு காத்தாயி நின்றாள். கரடித்தோல் போர்த்திய கரடி. வேர்த்து ஊற்றியது, முதுகு அரித்தது. சொறியக் கையைத் தூக்கினால் தையல் பிரிகிற சத்தம் கேட்டது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதுகில் சடைச்சி.

அவள் முறை வந்ததும் ரைட்டர் எட்டிக் காலரைத் திருப்பினான். சீட்டைப் படித்தான். டேப்பைப் பார்த்தான். மறுபடியும் சீட்டைப் படித்தான். நேற்று ஜன்னல் கம்பியை வளைத்த அதே கைதான் இன்று கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கச் சொல்லி எந்தக் கட்டமும் இல்லை.

“திருமதி ஒன்லிதானே?”

“ஆமாங்க.”

“பச்சைக் குட்டியை இப்படி விட்டுட்டு இத்தனை நாள் எங்கேம்மா இருந்தீங்க? ஒரு தாய் செய்யற காரியமா இது? நேத்து ஒருத்தி வந்தா. தோலும் எலும்புமா, சீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. அவளுக்கு இருந்த துடிப்புகூட உங்களுக்கு இல்லையே.”

காத்தாயிக்கு வாய்வரை வந்தது. முதுகில் குட்டியின் பிடி இறுகியது. வந்ததை விழுங்கினாள்.

“அலமாரில இருந்தேங்க” என்றாள்.

டேப்பில் முகவரிக் கட்டமும் அதையேதான் சொன்னது. ரைட்டருக்குப் பரம திருப்தி. பச்சை டிக் விழுந்தது. குட்டியை அழைத்துப் போகலாம், ஆனால் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் இப்படியே நேரில் வந்து முகம் காட்ட வேண்டும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினான்.

வெளிவாசல் தாண்டி, மூங்கில் புதர் தாண்டி, யாரும் பார்க்காத இடத்துக்கு வந்ததும் காத்தாயி முதல் பொத்தானைக் கழற்றினாள். சடைச்சி கோட்டின் மயிரில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போயிருந்தது. கழற்றினால் விழித்துக்கொள்ளும். தாய் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் அப்படியே நடந்தாள்.

நீதி: பெற்றெடுத்த தாயாகவே இருந்தாலும், பிள்ளையைக் கேட்டுப் போகும்போது மேலே ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு போவது நல்லது. அதைத் துவைத்துவிடக் கூடாது.